பசிக் கணக்கு ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் துணுக்குப் பகுதியில், 2024ஆம் ஆண்டில் உலகில் 67.3 கோடிப் பேர் போதிய உணவில்லாமல் இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் சொல்லியிருப்பதை இரண்டு வரியில் போட்டிருந்தோம். அந்த இரண்டு வரிக்குத்தான் இந்த முறை இத்தனை கடிதங்கள். நம்பவில்லை என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள், கோபப்பட்டவர்கள் இருக்கிறார்கள், உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். வழக்கமான மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தப் பகுதியை முழுக்க இதற்கே கொடுத்துவிட்டேன்.

"நான் தேவகோட்டையில் காலமெல்லாம் கணக்கெழுதியவன். பசித்தவர்கள் 100 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று 2009இல் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. 2012இல் 87 கோடி என்றார்கள். 2019இல் 82, 2020இல் 69, இப்போது 67. முடித்த கணக்கைத் திறந்து திருத்துகிறவனை எங்கள் தொழிலில் நம்பமாட்டோம். இவர்களை எப்படி நம்புவது?" – ஓய்வுபெற்ற கணக்கர், தேவகோட்டை

அண்ணே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த 67.3 கோடிப் பேரை யாரும் எண்ணவில்லை. வீடு வீடாகப் போய்த் தலைக்கணக்கு எடுத்தது கிடையாது. அது ஒரு மதிப்பீடு, அதைத் தயாரிப்பவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். பேப்பரில் வரும்போதுதான் அந்தச் சொல் காணாமல் போய்விடுகிறது.

உங்களுக்கு ஐந்தொகை அத்துப்படி என்பதால் அதிலிருந்தே வருகிறேன். ரோமில் இருக்கும் உணவு வேளாண்மை அமைப்பு ஒவ்வொரு நாட்டுக்கும் உணவுக்கென்று ஒரு ஐந்தொகை போடுகிறது. விளைந்ததும் இறக்குமதியானதும் வரவு. ஏற்றுமதி, விதைக்கு எடுத்து வைத்தது, மாட்டுக்கும் கோழிக்கும் போட்டது, ஆலைக்குப் போனது, வழியில் வீணானது, கிடங்கில் கூடிய இருப்பு, இவையெல்லாம் செலவு. மிஞ்சுவது மனிதர்கள் சாப்பிட இருந்த உணவு. அதை மக்கள்தொகையால் வகுத்து, வருஷத்தின் நாட்களால் வகுத்து, கலோரியாக மாற்றினால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு சராசரி கிடைக்கும். இது முதல் எண்.

சராசரி மட்டும் இருந்து என்ன செய்வது? ஒருவர் மூவாயிரம் கலோரியும் இன்னொருவர் ஆயிரமும் சாப்பிட்டாலும் சராசரி இரண்டாயிரம்தான். அதனால் குடும்பங்களுக்கிடையே உணவு எவ்வளவு ஏற்றத்தாழ்வாகப் பிரிகிறது என்பதற்கு ஒரு அளவு வேண்டும். அது வீட்டு நுகர்வு ஆய்வுகளிலிருந்து வருகிறது, அது இரண்டாவது எண். இதற்குக் கீழே போனால் உடம்பு தாங்காது என்கிற அடிமட்டக் கலோரி மூன்றாவது எண். இந்த மூன்றையும் வைத்து, அந்த அடிமட்டத்துக்குக் கீழே மக்கள்தொகையில் எத்தனை பங்கு விழும் என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பங்கை மக்கள்தொகையால் பெருக்கினால் வருவதுதான் நீங்கள் பேப்பரில் பார்க்கும் கோடிகள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பேரேட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சீட்டு இருந்திருக்கும். இந்த ஐந்தொகையில் பல வரிகளுக்குச் சீட்டு தாமதமாக வரும், சிலவற்றுக்கு வரவே வராது. தனியார் கிடங்குகளில் எவ்வளவு தானியம் கிடக்கிறது என்பது பல நாடுகளில் சரியாகத் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கே பின்னால் திருத்தப்படும். சீட்டு வந்த பிறகும் பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருந்தால் அதைத்தான் பொய்க்கணக்கு என்று சொல்ல வேண்டும். நீங்களே அந்த இடத்தில் இருந்தால் திருத்தியிருப்பீர்கள், திருத்திவிட்டு எதைத் திருத்தினேன் என்று ஓரத்தில் எழுதியும் வைத்திருப்பீர்கள். அவர்கள் செய்வதும் அதுதான்.

ஆனாலும் 2009 விஷயத்தில் உங்கள் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது, அதை மழுப்ப விரும்பவில்லை. 2007, 2008இல் உலகம் முழுக்க அரிசி, கோதுமை விலை தாறுமாறாக ஏறியது. அதன் பின்னாலேயே பொருளாதார நெருக்கடி வந்தது. வழக்கமான கணக்குக்குத் தேவையான தரவு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும், ஆனால் உலகத் தலைவர்கள் உடனே ஒரு எண் கேட்டார்கள். அதனால் அமெரிக்க வேளாண் துறையின் கணிப்பு மாதிரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு 102 கோடி என்று அறிவித்தார்கள். அந்த வருஷம் ஜூலையில் இத்தாலியில் லாக்விலா நகரில் கூடிய பணக்கார நாடுகள் விவசாயத்துக்கு 2,000 கோடி டாலர் தருவதாக வாக்குக் கொடுத்ததில் அந்த எண்ணுக்கும் பங்கு உண்டு. மறு வருஷம் 92.5 கோடி என்றார்கள். 2011இல் அந்த வருஷத்துக்கான எண்ணையே வெளியிடவில்லை, முறையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

2012இல் புதிய முறை வந்தது. மக்கள்தொகை புதிது, மனிதர்களின் உயரத் தரவு புதிது, கடைக்கு வந்த பிறகு வீணாகும் உணவும் கணக்கில் சேர்ந்தது, ஏற்றத்தாழ்வை அளக்கும் சூத்திரமும் மாறியது. விளைவு என்ன தெரியுமா? 2009இன் அந்தப் பெரிய ஏற்றம் காணாமல் போய்விட்டது. அதைவிட முக்கியமாக 1990–92க்கான பழைய எண் 85 கோடிக்குச் சற்றுக் கீழே இருந்து 100 கோடிக்கு ஏறிவிட்டது. 2015க்குள் பசியைப் பாதியாக்குவது என்கிற இலக்குக்கு 1990–92தான் தொடக்கப் புள்ளி. தொடக்கப் புள்ளி உயர்ந்தால் அதே இடத்தில் நின்றாலும் நிறைய இறங்கிவிட்ட மாதிரி தெரியும். அதனால் அப்போது பல ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் தேவையானது என்றுதான் நானும் நினைக்கிறேன். முறை மேம்பட்டது உண்மை, ஆனால் அந்த மேம்பாடு யாருக்குச் சாதகமாக விழுந்தது என்று கேட்கவும் வேண்டும்.

"தம்பி, எங்கள் வீட்டுக்கு ஒருமுறை சர்க்காரில் இருந்து கணக்கெடுக்க வந்த பிள்ளை எண்ணெய் எத்தனை லிட்டர், அரிசி எத்தனை கிலோ, புளி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் வீட்டில் இரண்டு பேர்தான். ஆனால் சமையல்காரம்மா, தோட்டத்துக்கு வருகிறவர், வாசல் பார்த்துக்கொள்கிறவர் எல்லாரும் இங்கேதான் சாப்பிடுவார்கள். முன்னோருக்குப் படைப்பு வந்தால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் இலை போடுவோம். அந்த அரிசியெல்லாம் நாங்கள் இரண்டு பேர் தின்றதாக எழுதிவிட்டால் கணக்கு என்ன ஆகும்?" – பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்

ஆச்சி, நீங்கள் கேட்டது புள்ளியியல்காரர்கள் பல வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி. இந்த வாரம் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கடிதமும் இதுதான்.

உங்கள் வீட்டில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். கணக்கெடுக்க வருகிறவர் வீட்டில் வாங்கியதையும் சமைத்ததையும்தான் எழுதுகிறார். உங்கள் அடுப்படியில் வெந்த சோறு உங்கள் வீட்டுக் கணக்கில் ஏறுகிறது. சமையல்காரம்மா மத்தியானம் இங்கே சாப்பிடுவதால் அவர் வீட்டில் அந்த வேளைக்கு உலை வைக்கவில்லை. அவர் வீட்டுக்கும் அதே பிள்ளை போனால் அங்கே அரிசி குறைவாகத்தான் எழுதப்படும். ஆக உங்கள் வீட்டில் ஆளுக்கு நாலாயிரம் கலோரி சாப்பிடுகிற மாதிரியும், அவர் வீட்டில் ஆயிரத்து சொச்சத்தில் வாழ்கிற மாதிரியும் காகிதத்தில் தெரியும். இரண்டுமே நிஜமில்லை. சாப்பிட்ட உணவு சரிதான், யார் வயிற்றுக்குப் போனது என்பதுதான் இடம் மாறிவிட்டது. இப்படியே நாடு முழுக்க எழுதிக்கொண்டு போனால் ஏற்றத்தாழ்வு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், பசித்தவர்கள் எண்ணிக்கையும் கூடிவிடும்.

இதனால்தான் அந்தப் பிள்ளை ஒவ்வொருவரும் வீட்டில் எத்தனை வேளை, வெளியில் எத்தனை வேளை, பள்ளிக்கூடத்தில் எத்தனை வேளை சாப்பிட்டார்கள் என்றும் கேட்டிருக்கும். விருந்தாளிகளுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் போட்ட சாப்பாடு எத்தனை என்றும் கேட்டிருக்கும். அந்தக் கேள்விகள் தொணதொணப்பாகத் தோன்றினாலும் இந்தக் கோளாறைச் சரிசெய்ய வேறு வழி இல்லை. இன்னும் மிஞ்சுகிற கோளாறைக் குறைக்கத்தான், உணவு வேளாண்மை அமைப்பு ஆய்வில் வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வருமானம், உடல்தேவை இவற்றால் வரக்கூடிய வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பயன்படுத்துகிறது.

அப்புறம், எவ்வளவு நாளைக்கான கணக்கைக் கேட்பது என்பது தனிப் பிரச்சினை. போன வாரம் என்ன வாங்கினீர்கள் என்றால் ஞாபகம் இருக்கும், ஆனால் அந்த வாரம் படைப்பு வாரமாக இருந்துவிட்டால் போச்சு. போன மாதம் முழுக்க என்று கேட்டால் நல்லது கெட்டது சமமாகும், ஆனால் கீரையும் முட்டையும் ஞாபகத்திலிருந்து நழுவிவிடும். அதனால் நம் நாட்டு ஆய்வில் காய்கறி, மீன், முட்டை மாதிரிப் பொருளுக்கு ஒரு வாரக் கணக்கும், அரிசி பருப்புக்கு ஒரு மாதக் கணக்கும் கேட்கிறார்கள். 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நடந்த வீட்டு நுகர்வு ஆய்வில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்டால் ஆட்கள் களைத்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள் என்று, உணவுக்கு ஒருமுறை, மற்ற அன்றாடச் செலவுக்கு ஒருமுறை, நீடித்து உழைக்கும் பொருட்களுக்கு ஒருமுறை என மூன்று தடவை தனித்தனியாகப் போய்க் கேட்டார்கள். மொத்தம் 2,61,746 வீடுகள். பொருட்களின் பட்டியலில் 405 இருந்தன, 2011–12 ஆய்வில் அது 347.

வீட்டுக்குள்ளே யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பது மட்டும் இந்த ஆய்வில் வரவே வராது. எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியில் இருப்பதைச் சாப்பிடும் பெண்களின் பசி இந்தக் கோடிகளுக்குள் தனியாக எங்கேயும் தெரியாது. எனக்கு இந்த முறையில் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

"அடிமட்டம் 1,800 கலோரி என்று ஒரு வீடியோவில் கேட்டேன். எங்கள் அம்மா கண்மாய் தூர்வாரும் வேலைக்குப் போகிறவர். அது அவருக்குப் போதுமா?" – கல்லூரி மாணவர், திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்

போதாது தம்பி. உன் அம்மா கேள்விப்பட்டால் கோபப்படுவார், அந்தக் கோபம் நியாயம்.

இந்தியா மாதிரி நாட்டுக்கு அடிமட்டம் ஏறக்குறைய 1,800க்குப் பக்கத்தில் வருவது உண்மை. கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லா வயதையும் சேர்த்த சராசரி அது. ஒவ்வொரு வயதிலும், இருக்கிற உயரத்துக்கு ஆரோக்கியமான எடைகளில் ஆகக் குறைந்ததை எடுத்து, உடம்பு அலுங்காத வேலை என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையையும் பார். 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்து வேலை செய்தால் 1,660 கலோரி, நடுத்தர உழைப்புக்கு 2,130, கடும் உழைப்புக்கு 2,720. வெயிலில் மண்வெட்டியோடு நின்று மண் வெட்டிக் கூடையில் அள்ளி ஏற்றுகிற வேலை எதில் சேரும் என்று உனக்கே தெரியும். 2,000 கலோரி சாப்பிட்டுவிட்டு அந்த வேலைக்குப் போகிறவர் ஐ.நா. கணக்கில் பசித்தவர் இல்லை. ஆனால் அவர் உடம்பு தினமும் கரைந்துகொண்டிருக்கும்.

அப்படியென்றால் ஏன் அவ்வளவு கீழே வைத்தார்கள்? இதற்குப் பின்னால் ஒரு இந்தியர் இருக்கிறார். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பி.வி. சுகாத்மே. 1951 முதல் சுமார் இருபது வருஷம் ரோமில் உணவு வேளாண்மை அமைப்பின் புள்ளியியல் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர், இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர். அவர் வாதம் இப்படிப் போகிறது. ஒவ்வொரு உடம்பின் தேவையும் வேறு. சராசரித் தேவையைக் கோடாகப் போட்டால், நன்றாகச் சாப்பிடுகிற ஊரிலும் பாதிப்பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் உடம்புக்கு அவ்வளவுதான் தேவை. எனவே கோட்டை ஆகக் கீழே போட்டால், அதற்கும் கீழே விழுகிறவர் பசியில்தான் இருக்கிறார் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

வாதம் தப்பில்லை. ஆனால் விளைவை மறந்துவிடக் கூடாது. 67.3 கோடி என்பது மிகுந்த எச்சரிக்கையோடு போட்ட, குறைவாகச் சொல்லப்பட்ட எண். மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று யாராவது சொன்னால் உன் அம்மாவின் வேலையை எடுத்துச் சொல். இந்தியாவில் வறுமைக்கோட்டுக்கே 1979இல் கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கலோரி என்றுதான் வைத்தார்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள். இந்தக் கணக்கு ஒரு வருஷ சராசரி. நம் பக்கம் வானம் பார்த்த பூமி. அறுவடை முடிந்த தை, மாசியில் குதிர் நிறைந்திருந்து, ஆடி, ஆவணியில் கஞ்சிக்கு அல்லாடினாலும் வருஷ சராசரியில் அது தெரியாமல் போகலாம்.

"இந்தியாவில் சத்தில்லாமல் இருப்பவர்கள் 13.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள் என்று ஒரு தரப்பு கொண்டாடுகிறது. தரவை மாற்றிவிட்டார்கள் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. எது சரி?" – வாசகர், காரைக்குடி

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் முழு விஷயத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது.

முதல் கேள்வியில் சொன்ன ஏற்றத்தாழ்வு அளவுக்கு இந்தியாவிடம் 2011–12க்குப் பிறகு வெளியான வீட்டு நுகர்வு ஆய்வே இல்லை. 2017–18இல் ஒரு ஆய்வு நடந்தது. தரவின் தரம் சரியில்லை என்று காரணம் சொல்லி அதை வெளியிடப்போவதில்லை என்று 2019 நவம்பரில் அரசு அறிவித்துவிட்டது. அதனால் பத்து வருஷத்துக்கு மேலாக 140 கோடிப் பேர் கொண்ட ஒரு நாட்டின் தட்டு எப்படிப் பிரிகிறது என்பதை உலகம் பழைய தரவையும் மறைமுக ஊகங்களையும் வைத்துத்தான் கணக்கிட்டது. 2022–23 ஆய்வு வெளியான பிறகு, ஐ.நா. அமைப்புகள் வருஷாவருஷம் வெளியிடும் பசி அறிக்கையின் 2025 பதிப்பில் அதைச் சேர்த்தார்கள். பழைய வருஷங்களின் எண்களையும் அதற்கேற்பத் திருத்தினார்கள்.

இப்போது உலக எண்ணைப் பாருங்கள். 2024 அறிக்கை, 2023ஆம் வருஷத்துக்கு 73.3 கோடி என்றது. 2025 அறிக்கை, 2024ஆம் வருஷத்துக்கு 67.3 கோடி என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே வருஷத்தில் ஆறு கோடிப் பேர் பசியிலிருந்து மீண்டார்கள் என்று சிலர் எழுதினார்கள். அப்படி நடக்கவில்லை. அதே 2025 அறிக்கையில் 2023க்கான எண்ணே சுமார் 68.8 கோடியாகத் திருத்தப்பட்டிருக்கிறது. ஆக உண்மையான இறக்கம் ஒன்றரைக் கோடி. மீதி நாலரைக் கோடியும் திருத்தத்தால் வந்தது. அந்த நாலரைக் கோடிப் பேரும் முன்னாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே இல்லை, நமக்குத்தான் தெரியாமல் இருந்தது.

இந்தியக் கணக்கும் அப்படித்தான். 13.7 என்பது பழைய அறிக்கையின் எண், 12 என்பது புதியதன் எண். இரண்டையும் கழிக்கக் கூடாது. புதிய வரிசைக்குள்ளேயே மூன்று வருஷ சராசரியாகப் பார்த்தால் 2020–22இல் 14.3 சதவீதம், 2022–24இல் 12. அதாவது குறைந்திருப்பது உண்மைதான், பழையதையும் புதியதையும் கலந்து கழித்தால் வருவதைவிடக் கூடுதலாகவே குறைந்திருக்கிறது. ஆனால் 12 சதவீதம் என்றால் 17.2 கோடிப் பேர். நம் தமிழ்நாட்டு மக்கள்தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

2020இல் சீனாவுக்கும் இதே மாதிரி நடந்தது. பல வருஷமாகப் பழைய ஏற்றத்தாழ்வுத் தரவே இருந்த இடத்தில் புதிய வீட்டு ஆய்வுத் தரவு கிடைத்ததும், 2000ஆம் ஆண்டு வரை பின்னோக்கித் திருத்தினார்கள். உலகத்தின் 2018 எண் 82 கோடியிலிருந்து 68 கோடிக்கு இறங்கிவிட்டது. தேவகோட்டை அண்ணன் கேட்ட 82இலிருந்து 69க்கான சரிவு இதுதான் (அந்த 69, அடுத்த வருஷமான 2019க்கான எண்). ஆனால் 2014க்குப் பிறகு பசி மெல்ல ஏறுகிறது என்கிற போக்கு பழைய வரிசையிலும் இருந்தது, புதிய வரிசையிலும் அப்படியே இருந்தது. மட்டம்தான் மாறியது, திசை மாறவில்லை.

"உலகப் பட்டினிக் குறியீட்டில் இந்தியாவுக்கு 105ஆவது இடம் என்கிறார்கள். போனில் நாலு கேள்வி கேட்டுப் போட்ட கணக்காமே?" – வாசகர், கானாடுகாத்தான்

இல்லை. 2024இல் 127 நாடுகளில் 105ஆவது இடம் என்பது சரி. அந்தக் குறியீட்டை வெளியிடுவது ஐரோப்பாவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள். அதில் நான்கு அளவுகள் உண்டு: நாம் பேசிக்கொண்டிருக்கும் சத்துக்குறைவு சதவீதம், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள், உயரத்துக்கேற்ற எடையில்லாத குழந்தைகள், ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள். போன் கருத்துக்கணிப்பு என்று 2021இல் மத்திய அரசு தரப்பிலேயே சொல்லப்பட்டதால் அது பரவிவிட்டது. மக்களிடம் எட்டுக் கேள்வி கேட்டுச் செய்யும் உணவுப் பாதுகாப்பின்மை ஆய்வு வேறு, அது இந்தக் குறியீட்டில் சேராது.

நான்கில் மூன்று குழந்தைகளைப் பற்றியதாக இருப்பதால் ஒட்டுமொத்தப் பசிக்கு இது சரியான அளவா என்று கேட்கலாம், அது நியாயமான விவாதம். இடவரிசையை வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை, நாடுகளின் எண்ணிக்கையே மாறுகிறது. ஆனால் குழந்தைகளின் உயரமும் எடையும் நாடாவும் தராசும் வைத்து நம் அரசே அளந்தவை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை, இந்திய அளவில் 35.5. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இன் சத்துணவு, 2022இன் காலை உணவு என்று இவ்வளவு செய்த மாநிலத்திலேயே நாலில் ஒரு குழந்தை. பள்ளிக்கு வரும் வயதுக்கு முன்பே, முதல் இரண்டு வருஷத்திலேயே இந்த உயரக் குறைவு பெரும்பாலும் ஏற்பட்டுவிடுகிறது.

"எங்கள் அப்பச்சி பர்மாவில் கடை வைத்திருந்து 1942இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திரும்பியவர். அரிசி கொட்டிக் கிடந்த ஊர் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாட்டில் அரிசி இருந்தால் பசி எப்படி வரும்?" – வாசகர், கோட்டையூர்

வந்திருக்கிறது, உங்கள் அப்பச்சி திரும்பிய மறு வருஷமே வந்தது. ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வங்காளத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943 வங்கப் பஞ்சத்துக்கு அது ஒரு காரணம். ஆனால் பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் காட்டியது வேறு: வங்காளத்தில் அந்த வருஷம் இருந்த மொத்த உணவு, பஞ்சமில்லாத 1941ஐவிடக் குறைவாகக்கூட இல்லை. போர்க்காலப் பண வீக்கத்தில் விலை ஏற, கூலிக்காரர், மீனவர், கைவினைஞர் கையில் இருந்த காசுக்கு அரிசி எட்டாமல் போனது. அதனால்தான் சராசரியோடு நிறுத்தாமல் அந்த இரண்டாவது எண்ணுக்காக இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

இறந்தவர்கள் கணக்கும் திருத்தப்பட்டதுதான். அரசு அமைத்த விசாரணைக் குழு 1945இல் சுமார் 15 லட்சம் என்றது. சென்னின் மதிப்பீடு 30 லட்சத்துக்கு அருகில். பஞ்சத்துக்குப் பின்னால் வந்த மலேரியா, காலராச் சாவுகளை எத்தனை வருஷம் வரை சேர்ப்பது என்பதைப் பொறுத்து எண் இரட்டிப்பாகிறது. சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், பட்டினியில் கரைந்த உடம்பைத்தானே அந்தக் காய்ச்சல் கொண்டுபோனது.

"காஸா, சூடான் பஞ்சம் எல்லாம் இந்த 67 கோடிக்குள்தான் வருகிறதா?" – வாசகி, கண்டனூர்

அது தனிக் கணக்கு. 67.3 கோடி என்பது ஆண்டு முழுக்கத் தொடரும் பற்றாக்குறை. பஞ்சம் என்பது திடீர் நெருக்கடி. அதற்கு ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது, 2004இல் சோமாலியாவுக்காக உருவானது. பஞ்சம்தான் ஐந்தாவது கட்டம். அதை அறிவிக்க மூன்று நிபந்தனை: ஐந்தில் ஒரு வீட்டில் உணவே ஏறக்குறைய இல்லாத நிலை, நூற்றுக்கு 30 குழந்தைகள் கடுமையாக மெலிந்திருப்பது, தினமும் பத்தாயிரத்துக்கு இரண்டு பேர் சாவது. சோமாலியாவில் 2011, தெற்கு சூடானில் 2017, சூடானின் சம்சம் முகாமில் 2024, காஸாவில் 2025 ஆகஸ்ட். இப்படித்தான் உறுதி செய்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது, குண்டு விழும் இடத்தில், எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்க்கக் குழந்தையின் கையை அளக்க ஆள் போக முடியாது என்பது. அளவு இல்லாவிட்டால் அறிவிப்பும் இல்லை. அறிவிப்பு வரும்போது பலர் இறந்திருப்பார்கள். சோமாலியாவில் 2011 ஜூலையில் அறிவித்தார்கள், இறந்தவர்களில் பாதிப்பேர் அதற்கு முன்பே இறந்துவிட்டதாகப் பின்னால் தெரியவந்தது. உதவிக்கு நான்காம் கட்டமே போதும், ஐந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

"கல்லூரிப் பேச்சுப் போட்டிக்குப் பசி பற்றித் தலைப்பு. எந்த எண்ணைச் சொல்வது?" – மாணவி, காரைக்குடி

எந்த வருஷத்து அறிக்கை, எந்த வருஷத்துக்கான எண் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லம்மா. "2025 அறிக்கையின்படி 2024இல் 63.8 முதல் 72 கோடி வரை, நடுமதிப்பு 67.3 கோடி" என்று வீச்சோடு சொன்னால் நடுவர்களுக்கே நீ படித்துவிட்டு வந்தது தெரியும். முந்தைய வருஷங்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதே 2025 அறிக்கையில் இருக்கும் அட்டவணையிலிருந்து மட்டும் எடு, பழைய பேப்பர் செய்தியிலிருந்து எடுக்காதே. உலக எண் இறங்கினாலும் ஆப்பிரிக்காவில் ஏறுகிறது என்பதையும் விட்டுவிடாதே: அங்கே 30.7 கோடிப் பேர், ஐந்தில் ஒருவருக்கும் கூடுதல். 2030இல் உலகில் 51.2 கோடிப் பேர் இன்னும் பசியில் இருப்பார்கள் என்றும், அதில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆப்பிரிக்காவில் என்றும் அதே அறிக்கை கணிக்கிறது. அது கணிப்புதான் என்று மேடையிலேயே சொல்லிவிடு.